கரிசல் சீமையில் கும்பினிப் படைமுகாம் (1799–1801)

பாளையக்காரர் போர்களின்போது கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை ராணுவம் கயத்தாற்றிலும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு எதிரிலும் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த முகாம்களைப் பற்றியது இக்கட்டுரை. கயத்தாறு கோவில்பட்டிக்குத் தெற்கே, மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி அங்கிருந்து கிழக்கே, ஒட்டப்பிடாரத்தை ஒட்டியது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் என்ற அளவில் கயத்தாற்றை எல்லாரும் அறிவர். தூக்கிலிட்ட படை அங்கே எதைத் தின்றது, எந்தத் தண்ணீரைக் குடித்தது, பகல் முழுவதும் என்ன செய்தது என்ற கேள்விகளைப் பாடப் புத்தகங்கள் தொடுவதில்லை.

போரின் போக்கு

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலிலேயே வெள்ளை அதிகாரிகள் சிலரை இழந்து பின்வாங்க நேர்ந்தது. பிறகு கோட்டை கைவிடப்பட்டது. கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, அவருடைய தம்பி ஊமைத்துரையையும் மற்றவர்களையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

1801 பிப்ரவரி 2 அன்று அவர்கள் சிறையிலிருந்து தப்பினார்கள். அன்று மாலை பாளையங்கோட்டையின் வெள்ளைக்காரர்கள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். படையின் பெரும்பகுதியோ சங்கரன்கோவிலில் இருந்தது. அது கயத்தாறு வழியாகப் பாஞ்சாலங்குறிச்சியை எட்டியபோது, இடித்த கோட்டை மறுபடி எழுந்து நின்றது. சில நாட்களில் சுவர் எழுப்பியிருந்தார்கள். பார்த்த படை அப்படியே பாளையங்கோட்டைக்குத் திரும்பியது. மார்ச் கடைசியில் கயத்தாற்றில் மீண்டும் கூடி, 31ஆம் தேதி கோட்டையைத் தாக்கித் தோற்றது. அதற்குப் பிறகு கோட்டைக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு ஏழு வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது. லெப்டினன்ட் கர்னல் அக்னியூ புதுப் படையோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்த பிறகு, மே 24 அன்று கோட்டை விழுந்தது. இக்கட்டுரைக்கு முக்கியமானவை அந்த ஏழு வாரங்கள்தான்.

முகாமில் யார் யார்

‘வெள்ளைக்காரன் பட்டாளம்’ என்று நாம் சொல்வதில் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர். இங்கிலாந்து மன்னரின் படைப்பிரிவுகளிலிருந்து வந்த சில கம்பெனிகள், பீரங்கிக்காரர்கள், சிப்பாய்ப் படைகளை நடத்திய அதிகாரிகள் ஆகியோரே அவர்கள். மற்றவர்கள் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள்: தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். கோட்டைக்குள் இருந்தவர்களிலும் தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர் இரு தரப்பும் உண்டு. சுவரின் இரு பக்கத்திலும் ஒருவர் வைததை மற்றவர் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரிந்துகொண்டிருப்பார்.

சிப்பாய்களோடு முகாம் முடிந்துவிடுவதில்லை. அக்காலத்துச் சென்னைப் படை எங்கே போனாலும் சண்டை போடுபவர்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் பின்னால் போனார்கள். மாட்டுக்காரர், டோலி தூக்குவோர், சமையல்காரர், வண்ணார், நாவிதர், துபாஷிகள், கடைக்காரர் என்று ஒரு ஊரே நகர்ந்தது. சிப்பாய்கள் மனைவி மக்களையும் கூட்டிப்போவது சென்னைப் படையின் தனி வழக்கம். தானியத்தைப் பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு லம்பாடிகள் வருவார்கள். முகாமுக்குள் ஒரு கடைத்தெரு அமைந்து, அதன் விலைக்கும் ஒழுங்குக்கும் ஒரு கொத்தவால் பொறுப்பாக இருப்பார். எட்டயபுரம் பாளையக்காரரின் ஆட்களும் கும்பினிக்குத் துணையாக வந்திருந்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியோடு அவர்களுக்கு இருந்த பகை கும்பினி வருவதற்கு முன்பே ஊறியது.

ஒரு நாள்

நடைப்பயண நாட்களில் கோழி கூவுவதற்கு முன்பே முரசு கொட்டிவிடும். கூடாரத்தைச் சுருட்டி மாட்டில் ஏற்றி, இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் அடுத்த தண்ணீர் உள்ள இடத்தை அடைய வேண்டும். அங்கே இறங்கியதும் சிப்பாய்கள் அவரவர் அடுப்பு மூட்டுவார்கள். சாதிக்கொரு அடுப்பு, குடும்பத்துக்கொரு அடுப்பு. பொதுச் சமையல் என்ற பேச்சே கிடையாது. நண்பகலில் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். சாயங்காலம் அணிவகுப்பு, இருட்டியதும் காவல்.

வெள்ளைச் சிப்பாய்க்குக் கம்பளித் துணியில் தைத்த சிவப்புச் சட்டை, கழுத்தை இறுக்கும் கருப்புத் தோல் பட்டை. பங்குனி, சித்திரையில் கரிசல் காட்டில் அதை மாட்டிக்கொண்டு நிற்பதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை. அவனுக்குத் தினப்படி சாராயம் அளந்து ஊற்றப்பட்டது. அதை நிறுத்தினால் கலகம், கூட்டினால் காய்ச்சல் என்று அதிகாரிகள் திண்டாடினார்கள். சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை உண்டு, முழுக்கால் சட்டை கிடையாது. அரைக்கால் சட்டையும் காலில் செருப்பும் தலைப்பாகையும்தான். வெயிலுக்கு இதுவே மேல். இந்தத் தலைப்பாகையை மாற்றி, நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்தபோதுதான் 1806 ஜூலையில் வேலூரில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

சிப்பாயின் சம்பளம் மாதம் இரண்டு வராகன், அதாவது ஏழு ரூபாய். களத்தில் இருந்தால் அதற்கு மேல் பத்தா என்னும் படி. நெல் விளையாத சீமையில் அரிசி விலை எகிறும். அரிசிச் சோற்றுக்குப் பழகிய கீழைச் சீமைச் சிப்பாய் இங்கே கம்பும் சோளமும் தின்னப் பழக வேண்டியிருந்திருக்கும்.

தண்ணீர், தீவனம், மண்

போர் நடந்த மாதங்களைக் கவனித்தால் கும்பினியின் கணக்கு விளங்கும். கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாகிவிடும். பீரங்கி வண்டியின் சக்கரம் குடத்தளவு புதைந்து, பத்து ஜோடி மாடு பூட்டினாலும் நகராது. காய்ந்தால் அதே மண் மாட்டின் கால் சிக்கும் அளவுக்கு வெடிப்பு விடும். ஆனாலும் பெரிய பீரங்கிகள் நகர்வதற்கு மழையில்லாத மாதங்கள்தான் நல்ல காலம். அந்தக் காலத்தில் தண்ணீர் இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கும்பினி மண்ணைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீருக்குத் தவித்தது.

கண்மாய்கள் மாசியிலேயே அடிமண் காட்டும். கிணறுகளில் பாதி உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஊருணியைக் காவல் போட்டுக் காக்க வேண்டும். இருபுறமும் தோல் பைகளைத் தொங்கவிட்ட மாடுகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர்க்காரர்கள் நாள் முழுவதும் நடந்தார்கள். ஒரு படை நீண்ட நாள் தங்கினால் பக்கத்து ஊர்களின் குடிதண்ணீர் என்ன ஆகும் என்பதைக் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு நரம்புச் சிலந்தி வரும். காலில் கொப்புளம் கண்டு, நூல் போன்ற புழு வெளியே தலைகாட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும். நடக்க முடியாமல் சிப்பாய்களைக் கிடத்திய நோய்களில் இதைச் சென்னை ராணுவத்து மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். இந்தியாவிலிருந்து அந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில்தான்.

குதிரைக்குப் புல் தேடுவது தனி வேலை. குதிரை ஒன்றுக்குக் குதிரைக்காரர் ஒருவர், புல் செதுக்குபவர் ஒருவர். கோடையில் கரிசல் காட்டில் மேலே பச்சை இருக்காது. அருகம்புல் வேர் மட்டும் மண்ணுக்கடியில் உயிரோடு ஓடிக் கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொட்டு போன்ற சிறு கருவியால் அதைக் கொத்திக் கிளப்பி, கட்டியைத் தட்டி உதிர்த்து, கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டுவருவார்கள். முகாமுக்கு வெளியே ஆயுதமில்லாமல் அதிக தூரம் போனவர்கள் இவர்கள்தான். பாளையக்காரர் ஆட்களிடம் முதலில் சிக்கக்கூடியவர்களும் இவர்களே. மாடுகளுக்குச் சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும் வேண்டும். ஐப்பசியில் விதைத்த பருத்தி வெடித்துக் கிடக்கும் மாசி, பங்குனியில்தான் இந்தப் படை காடு மேடெல்லாம் மிதித்துக்கொண்டு போனது.

அன்றைய காடு இன்று நாம் பார்க்கும் காடு அல்ல. சீமைக்கருவேலம் அப்போது வந்திருக்கவில்லை. உடைமரமும் நாட்டுக் கருவேலமும் பனையும்தான் நிழல். கோட்டையைச் சுற்றி அடர்த்தியாக நின்ற முள்வேலியைத் தாண்டுவதே சிவப்புச் சட்டைக்காரர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கோட்டைக்கு எதிரே காத்திருப்பு

கோட்டை முழுவதும் மண். நீளவாட்டில் சுமார் 500 அடி, அகலவாட்டில் 300 அடி, சுவர் உயரம் பன்னிரண்டு அடி. கருங்கல் சுவரானால் குண்டு பட்டுச் சிதறும். பசையுள்ள இந்த மண்சுவரோ குண்டை விழுங்கிக்கொண்டு நின்றது. மார்ச் 31 அன்று சுவரில் உடைப்பு விழுந்தும், அதன் மேலே ஏறியவர்கள் எவரும் உள்ளே இறங்கவில்லை. பதினெட்டு, இருபது அடி நீள ஈட்டிகள் கீழிருந்து அவர்களைக் குத்திச் சாய்த்தன. மழை வந்தாலும் இந்த ஈட்டிக்குத்தான் லாபம். கும்பினித் துப்பாக்கியின் மருந்து நனைந்தால் பற்றாது. ஈட்டிக்கு நனைவதால் நட்டமில்லை.

தோற்ற படை போக இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்தது. திரும்பிப் போனால் தென்சீமை முழுவதும் கிளம்பிவிடும் என்ற பயம். தூத்துக்குடி அதற்கு முன்பே ஊமைத்துரையின் ஆட்கள் கைக்குப் போயிருந்தது. அங்கே அகப்பட்ட வெள்ளையர்களை அவர்கள் உயிரோடு விட்டுவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முகாமின் நாட்கள் மண்வெட்டியோடு கழிந்தன. மேடு கட்டுவது, பள்ளம் தோண்டுவது, பீரங்கிக்குத் தளம் போடுவது, இரவெல்லாம் விழித்திருப்பது. கோட்டையிலிருந்து எந்த நேரமும் ஆட்கள் பாய்ந்து வருவார்கள்.

போர்முகாம் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில் ஜப்பானியரை எதிர்பார்த்து இலங்கையில் நிறுத்தப்பட்ட ஆஸ்திரேலியாவின் 16ஆம், 17ஆம் பிரிகேடுகள் ஜூலை வரை தென்மேற்கு இலங்கையின் ரப்பர், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பயிற்சியிலும் காவலிலும் காலம் கழித்தன. ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. எதிர்பார்த்த தரையிறக்கம் நடக்கவே இல்லை. அந்தப் போரின்போது கயத்தாற்றுப் பக்கமும் ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். அதுவும் பிறகு பயனற்றுக் கிடந்தது. எதிர்பார்த்த சண்டை வராமலே போகும் அதிர்ஷ்டம் 1801இன் சிப்பாய்க்கு இல்லை. காத்திருந்தது வந்தே தீர்ந்தது.

மே 24க்குப் பிறகு

கோட்டை விழுந்தபோது காயத்தோடு கிடந்த ஊமைத்துரையை ஊர்ப் பெண்கள் காப்பாற்றிய கதை கும்பினி அதிகாரியின் எழுத்தில்தான் வருகிறது. தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களைக் கண்டதும் பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி, பிள்ளை அம்மை கண்டு செத்துவிட்டான் என்று ஓலமிட்டார்களாம். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஊமைத்துரை மருதுபாண்டியரிடம் போய்ச் சேர்ந்தார். சிவகங்கைக் காட்டில் போர் தொடர்ந்தது. அக்டோபரில் மருது சகோதரர்களும், நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். முகாமிட்டவர்களின் தடயமாக அப்பகுதியில் வெள்ளை அதிகாரிகளின் கல்லறைகள் இருக்கின்றன. சிப்பாய்களுக்கோ புல் செதுக்கியவர்களுக்கோ அங்கே கல் இல்லை.

சான்றுகள்

இந்த முகாமைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்தது. 1801இல் அவர் படையில் இருந்த இளம் அதிகாரி. ஏறக்குறைய நாற்பது ஆண்டுச் சேவையின் நாட்குறிப்பிலிருந்து தொகுத்த நூலை 1830இல் வெளியிட்டார். 1881இல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் இந்தப் போருக்கு அவரையே நம்புகிறது. எதிரியின் வீரத்தை வெல்ஷ் மறைக்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று நன்றியோடு எழுதுகிறார். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் மறுபக்கத்துக் குரலைத் தருகிறது. ஆனால் அதன் கண் நாயகர்கள் மேல்தான். முகாமின் அடுப்பும் மாடும் அதற்குத் தேவைப்படவில்லை. சிப்பாயின் கண்வழியாக எழுதியவர் எவருமில்லாததால், மேலே சொன்னவற்றில் அன்றாட வழக்கங்கள் பலவும் சென்னை ராணுவத்தின் பொது வழக்கத்திலிருந்து பெறப்பட்டவை.

போரின் முடிவில் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் ஒருவர். 1818இல் வெல்ஷ் பினாங்கு போனபோது அவரை அங்கே சந்தித்தார். காலத்துக்கு முன்பே கிழடு தட்டிப்போயிருந்த அந்த இளைஞரை முதலில் அடையாளம் தெரியவில்லை என்று குறித்திருக்கிறார்.