தூள்பனிச் சறுக்கு: பேருக்கு ஏற்றதுதானா?

சுவிஸில் புதுப்பனி கொட்டினால் பிள்ளைகளின் பேச்சு தூள்பனிச் சறுக்குத்தான். செப்பனிட்ட தடத்தில் பலகை உரசும் சத்தம் கேட்கும். முழங்கால் ஆழப் பனியில் சத்தமே இராது, மிதப்பது போலிருக்கும். அந்தப் பேர் பொய்யல்ல. ஆனால் பழகாதவருக்கு அது முதல்நாளே வாய்க்காது. ஒடுங்கிய பலகை புதையும். விழுந்தால் எழும்பவே மூச்சு வாங்கும். கழன்ற பலகையைத் தேடுவது தனி வேலை. வெயில் பட்டாலோ பனி கனத்துவிடும்.

பயப்பட வேண்டியது பனிச்சரிவுக்கு. தாவோஸ் ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாளாந்தம் மாலை 5 மணிக்கு ஆபத்து நிலையை அறிவிக்கிறது. மொத்தம் 5 நிலைகள். கூடுதலானோர் இறப்பது ஐந்தில் அல்ல, மூன்றில். அன்றும் மலைக்குப் போகிறார்களே! புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு கால் மணி நேரத்துக்குள்ளேயே வேகமாகக் குறையும். ஹெலிகொப்டர் வருமுன் கூடப் போனவரே தோண்ட வேண்டும். தடத்துக்கு வெளியே போகும் ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள்.