ரசீது இல்லாத கட்டணம்

2011 பிப்ரவரி 18. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் அன்றைய நிதியமைச்சர் தர்மன் சண்முகரத்னம் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தார். அதில் ஒரு சிறிய அறிவிப்பு இருந்தது. வானொலி, தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டணம் இனி கிடையாது. அதுவரை தொலைக்காட்சி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிக்கொண்டிருந்தது. காரில் இருக்கும் வானொலிக்கு 27 வெள்ளி தனி. அந்த ஆண்டுக்கு ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. மூன்று மாதத்துக்குள் பொதுத்தேர்தலும் வந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "நல்ல வேளை, ஒரு பில் குறைஞ்சது" என்பதோடு பேச்சு முடிந்தது.

மலேசியாவில் இது அதற்கும் முன்பே முடிந்துபோன கதை. ஆண்டுக்கு 24 ரிங்கிட் தொலைக்காட்சிக் கட்டணம் 1990களின் இறுதியில் நின்றுபோனது. இன்று இருபது வயதில் இருக்கும் ஒருவரிடம் "டிவி லைசென்ஸ்" என்று சொன்னால் கார் லைசென்ஸ் மாதிரியா என்றுதான் கேட்பார். பெரியவர்களுக்கு மட்டும் சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் டிவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்த ஞாபகம் இருக்கும்.

பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்குப் பணம் கட்டியாக வேண்டுமா? பிரிட்டனில் இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. நாம் அதைச் சண்டையே போடாமல் கடந்து வந்துவிட்டோம். எதைக் கடந்து வந்தோம் என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

கதை தொடங்குவது லண்டனில். 1922இல் வானொலிப் பெட்டி செய்யும் நிறுவனங்கள் சேர்ந்து பிபிசியைத் தொடங்கின. அவர்களுடைய நோக்கத்தில் பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஏதாவது இருந்தால்தானே பெட்டி விற்கும்? வானொலி வைத்திருப்பவர் அஞ்சல் துறையிடம் 10 ஷில்லிங் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதில் ஒரு பங்கு பிபிசிக்குப் போகும். அமெரிக்கா விளம்பரத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிரிட்டன் அந்த வழியை விரும்பவில்லை. 1923இல் அமைக்கப்பட்ட சைக்ஸ் குழு கட்டண முறையையே ஆதரித்தது. 1927இல் பிபிசி அரச சாசனத்தின் கீழ் பொதுக் கழகமாக மாறியபோது லைசென்ஸ் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதில் ஒரு நல்ல கணக்கு இருந்தது. விளம்பரதாரர் பணம் கொடுத்தால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அரசாங்கம் கஜானாவிலிருந்து கொடுத்தால் அமைச்சர் சொல்வதைக் கேட்க வேண்டும். வீடுகளிலிருந்து நேராகப் பணம் வந்தால் இரண்டு பேரிடமிருந்தும் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். கணக்கு எப்போதும் சரியாக வந்ததில்லை என்பது வேறு விஷயம். 1926 பொது வேலைநிறுத்தத்தின்போதே பிபிசி அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தது. கட்டணம் எவ்வளவு என்பதை இன்றுவரை அரசாங்கம்தான் முடிவு செய்கிறது. ஆனாலும் "இது நம்ம காசு" என்ற எண்ணம் அங்கே மக்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பிபிசி தவறு செய்தால் அவர்கள் திட்டுவதில் ஒரு உரிமை தொனிக்கும்.

இந்த முறை காலனிகளுக்குக் கப்பலேறியபோது, கட்டணம் வந்தது, கணக்கு வரவில்லை.

1937இல் சிங்கப்பூர் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கிய பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் ஒரு தனியார் நிறுவனம். போர் நெருங்கியதும் 1940இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஜப்பானியர் வந்தார்கள், போனார்கள். 1946 ஏப்ரல் 1 அன்று ரேடியோ மலாயா பிறந்தபோது அது ஓர் அரசாங்க இலாகா. குடிநீர், சாலை, அஞ்சல் மாதிரி வானொலியும் ஒன்று. 1963இல் தொலைக்காட்சி வந்தபோதும் அதே அமைப்புதான். சிங்கப்பூரில் பிப்ரவரியில் தொடங்கி வைத்தவர் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்னம். மலேசியாவில் டிசம்பரில் தொடங்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். ஒலிபரப்பின் வேலை தேசத்தைக் கட்டுவது என்று இரண்டு அரசாங்கங்களும் ஒளிவுமறைவில்லாமல் நம்பின.

லைசென்ஸ் கட்டிய வீட்டுக்கு இதில் என்ன இடம்? ஒன்றுமில்லை. பிபிசிக்குக் கட்டிய ஆங்கிலேயருக்கு, பெயரளவுக்காவது, அரசாங்கத்துக்கு வெளியே ஒரு நிர்வாகக் குழு இருந்தது. நம் தாத்தாக்கள் கட்டிய பணம் எந்த இலாகாவை அவர்கள் கேள்வி கேட்க முடியாதோ அந்த இலாகாவுக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே அது கட்டணம் என்ற பெயரில் ஒரு வரி. அதுவும் மோசமான வரி. ஓரறை வீட்டுக்கும் பங்களாவுக்கும் ஒரே தொகை.

கட்டணம் இருந்தால் சுதந்திரம் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனி நல்ல பாடம். நாஜி காலத்தில் ஜெர்மானிய வீடுகள் மாதம் 2 ரைஷ்மார்க் வானொலிக் கட்டணம் கட்டின. அதில் பெரும் பங்கு கோயபல்ஸின் பிரசார அமைச்சுக்குப் போனது. போருக்குப் பிறகு அதே நாட்டில், அதே கட்டண முறை, வேறு வேலை செய்தது. ஒலிபரப்பு மாநிலங்களின் பொறுப்பில், அரசாங்கத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. 1961இல் அடினாவர் மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி தொடங்க முயன்றபோது அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. இன்று எவ்வளவு பணம் தேவை என்பதை ஒரு சுயேச்சையான ஆணையம் கணக்குப் பார்த்துச் சொல்கிறது. 2013 முதல் டிவி இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. வீடு என்று ஒன்று இருந்தால் கட்ட வேண்டும். சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் கட்டண உயர்வைத் தடுத்து நிறுத்தியபோது, அது ஒலிபரப்புச் சுதந்திரத்தை மீறுவதாகும் என்று 2021இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஒரே நாடு, ஒரே மாதிரிக் கட்டணம். இரண்டு காலத்துக்கும் நடுவில் மாறியது, பணம் போய்ச் சேரும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான்.

சரி, இதில் தமிழுக்கு என்ன?

சந்தை தமிழைக் கைவிட்டுவிடும் என்று வழக்கமாகச் சொல்வோம். மலேசியாவில் நடந்தது அப்படியல்ல. 1996இல் ஆஸ்ட்ரோ வந்ததும் தமிழ்க் குடும்பங்கள் ஆர்வமாகச் சந்தா கட்டின. ஆண்டுக்கு 24 ரிங்கிட் என்றால் முணுமுணுத்த வீடுகள், மாதாமாதம் அதைவிட அதிகமாகக் கட்டத் தயங்கவில்லை. படமும் பாட்டும் சீரியலும் சந்தையால் தர முடியும், தந்துகொண்டும் இருக்கிறது. அது தர யோசிப்பது வேறொன்றை. இலாகா வானொலியின் காலத்தில் நாடகம் எழுத ஆள் தேவைப்பட்டது. எழுதியவருக்குச் சன்மானம் கிடைத்தது. சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றிய புதுமைதாசன் பி. கிருஷ்ணன் எழுதிய 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' தொடர், அடுக்குமாடி வாழ்க்கையை அந்த வாழ்க்கையின் பேச்சிலேயே பதிவு செய்தது. மலேசியாவில் ரெ. கார்த்திகேசு வானொலியில் பணியாற்றிவிட்டுத்தான் பினாங்கில் பேராசிரியரானார். நாம் இன்று கொண்டாடும் எழுத்தாளர்களில் பலருக்கு முதல் மேடை வானொலிதான். விளம்பரம் கிடைக்குமா என்று யாரும் கேட்காததால் கிடைத்த மேடை அது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பை, பின்னாளில் 'தமிழோசை' என்று அறியப்பட்டதை, சிற்றலையில் காத்துக் கிடந்து கேட்ட தமிழர்கள் உலகெங்கும் இருந்தார்கள். இலங்கைப் போர்க்காலத்தில் அதன் செய்திக்கு இருந்த மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் செலவை நெடுங்காலம் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சு ஏற்றது. 2014 ஏப்ரலிலிருந்து உலக சேவையின் பெரும் செலவு லைசென்ஸ் கட்டணத்தின் தலையில் விழுந்தது. அதாவது கடைசி மூன்று ஆண்டுகள், மான்செஸ்டரில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒருவர் கட்டிய பணத்தில் நாம் செய்தி கேட்டோம். 2017இல் வானொலி ஒலிபரப்பு நின்றது. கேட்பவர் கட்டவில்லை, கட்டியவர் கேட்கவில்லை. பொது ஒலிபரப்பு என்பதே இப்படிப்பட்ட ஏற்பாடுதான். நூலகத்துக்குப் போகாதவரும் நூலகத்துக்கு வரி கட்டுகிறாரே.

ஆனால் கட்டாயத்துக்கு ஒரு விலை உண்டு. பிரிட்டனில் லைசென்ஸ் இல்லாமல் டிவி பார்ப்பது குற்றம். வழக்குக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சோதனைக்கு ஆள் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது அவர்கள்தான். இதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. பின்லாந்து 2013இல் கட்டணத்தை எடுத்துவிட்டு வருமானத்துக்கு ஏற்ற தனி வரியாக மாற்றியது. இல்லாதவர் கட்ட வேண்டாம். பணம் ஒலிபரப்புக்கென்றே தனியாக நிற்கும். எனக்கு இது நேர்மையான வழியாகப் படுகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். 2011க்குப் பிறகு சிங்கப்பூர் வீடுகள் கட்டுவதை நிறுத்திவிட்டனவா? 2022ஆம் ஆண்டு வாக்கில் மீடியாகார்ப்புக்கு அரசாங்கம் கொடுத்த தொகை ஆண்டுக்கு 30 கோடி வெள்ளியைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய 14 லட்சம் குடும்பங்களுக்கு வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு 200 வெள்ளிக்கு மேல் வரும், பழைய கட்டணத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. வரியாகப் போவதால் வசதி உள்ளவர் அதிகம் தருகிறார், அது நல்லதுதான். 'வசந்தம்' ஒளிவழி நடப்பதும் இந்தப் பணத்தால்தான். மலேசியாவில் மின்னல் எஃப்எம், டிவி2இன் தமிழ்ச் செய்தி எல்லாம் பொதுப்பணம். ஆக, நாம் இன்னமும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நம்மிடமிருந்து போனது ரசீது மட்டும்.

அந்த ரசீதை நான் கொஞ்சம் பெரிதாக நினைக்கிறேன். 110 வெள்ளி கட்டியவர் குறைந்தபட்சம் எரிச்சலாவது பட்டார். "இதுக்கா காசு கட்டுறோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் கடமைப்படவில்லை என்பது பழைய முறையின் குறை. இப்போது கேள்வியே வருவதில்லை. ஒரு நல்ல நிகழ்ச்சி நின்றுபோனால், "அவங்க நிறுத்திட்டாங்க" என்கிறோம். இலவசமாக வந்தது இலவசமாகப் போனது மாதிரி.

பழைய லைசென்ஸைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. தமிழ் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஆண்டுக்கு எவ்வளவு போகிறது, அதில் நாடகத்துக்கு எவ்வளவு, புதிதாக எழுத வருகிறவருக்கு எவ்வளவு, யார் தீர்மானிக்கிறார் என்று கேட்கத் தொடங்கலாம். பணம் கட்டுகிறவர் கேட்கிற சாதாரணக் கேள்விகள்தான் இவை. நாமும் கட்டுகிறவர்கள்தான்.