அடுப்பும் வாசலும்

ஆரணியில் என் அம்மா தார் சுற்றப் போன வீட்டுக்கு ஒரு திண்ணை இருந்தது. பட்டு நூல் உள்ளே போகும். அம்மா திண்ணையோடு சரி. மத்தியானம் வீட்டுக்காரம்மா சோறு போடுவார். நல்ல மனுஷிதான். 'வயிறாரத் தின்னு'ம்பார். தின்ன இடத்தை அம்மா கழுவிவிட்டு வரணும். சோறு போடுவது வேறு, சேர்த்துக்கொள்வது வேறு என்று நான் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

வள்ளலாரைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் திண்ணை ஞாபகம் வருகிறது. 1867 மே 23இல், பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், வடலூர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வந்தவர் என்ன சாதி, என்ன மதம் என்று அங்கே கேட்பதில்லை, பசிதான் தகுதி. சத்திரங்களில் பிராமணருக்குத் தனிப்பந்தி போட்ட காலத்தில் இது லேசான காரியமில்லை. இதை நாம் மறுக்கக் கூடாது.

ஆனால் 1872 ஜனவரி 25இல் திறந்த சத்திய ஞானசபைக்கு வாசல் விதி வேறு. கொலை, புலை தவிர்த்தவரே உள்ளே போகலாம். மற்றவர் வெளியே நின்று வணங்கலாம். இது சாதி பார்த்து வைத்த விதியல்ல, உயிர்க்கருணையில் பிறந்தது. கறி தின்னும் எல்லாச் சாதிக்கும் பொது. சரி. ஆனாலும் தமிழ் படித்த எனக்குப் 'புலை' என்ற சொல்லில் கால் இடறுகிறது. அதற்குப் புலால் என்றும் பொருள். தீட்டு, இழிவு என்றும் பொருள். சேக்கிழார் நந்தனாரின் சேரியைச் சொல்வது 'புலைப்பாடி' என்றுதான். செத்த மாட்டை நம் தலையில் கட்டியது ஊர். அதைத் தின்றதற்குத் தீட்டு என்றதும் அதே ஊர். கருணையிலிருந்து வந்த விதிகூட நம் வாசலுக்கு வரும்போது பழைய சொல்லைச் சுமந்தே வருகிறது. தருமச்சாலையில் நாம் விருந்தாளி. ஞானசபையில்?

1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார் வள்ளலார். சரியாக 149 ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 30இல், எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் சனங்கள் போனார்கள். பல பத்தாண்டுத் தடை அன்று உடைந்தது. கூடவே கலெக்டர், போலீஸ். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல்! தாயைப் பார்க்கப் போகிற பிள்ளைக்குப் போலீஸ் காவல்.

வடலூர் அடுப்புக்கு என் கும்பிடு. ஆனால் நாம் கேட்பது இன்னொரு பிடி சோறில்லை. அம்மா சுற்றிய தார் எந்த அம்மனுக்குப் புடவையாச்சோ தெரியாது. அந்த நூல் கர்ப்பகிரகம் வரைக்கும் போயிருக்கும். சுற்றிய கை இன்னும் திண்ணையில் கிடக்கிறது.