லடாக் செட்டு

சித்தூரில் புல்லட் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக் கல்லாவில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் நான். மே மாதம் பிறந்தால் பையன்கள் வந்து, "அண்ணா, லடாக் செட்டு ஒண்ணு போடுங்க" என்பார்கள். என்னென்ன என்று கேட்க வேண்டியதில்லை. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிளக், பாயிண்ட், கண்டென்சர், செயின் லாக், முன்னுக்கும் பின்னுக்கும் டியூப். இதையெல்லாம் சாக்கில் கட்டிக் கொடுத்தால் போதாது. மாட்டவும் தெரிய வேண்டும். பக்கத்து மெக்கானிக் அவர்களை உட்காரவைத்து, பாயிண்ட் இடைவெளியை விசிட்டிங் கார்டு செருகிப் பார்க்கும் வித்தைவரை சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவார்.

லடாக் போகும் இந்த ஆசை ஒன்றும் பழைய ஆசை இல்லை. லடாக் பயணிகளுக்குத் திறந்தது 1974இல். மணாலி–லே சாலையில் அவர்களை விட்டது 1989இல். அதற்கு முன் அந்தப் பக்கம் புல்லட் ஓட்டியவர்கள் பட்டாளத்துக்காரர்கள். 1950களின் முற்பாதியில் எல்லைக் காவலுக்காக அரசாங்கம் 800 புல்லட் கேட்டது. அதை ஒட்டித்தான் 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது. பிறகு திருவொற்றியூரில் வண்டி செய்தார்கள். கம்பெனி பக்கத்தில் இருந்ததால் சித்தூர், வேலூர்ப் பக்கம் பார்ட்ஸுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

கார்புரேட்டர் காலத்தில் பெரிய விவாதம் பெட்ரோல் இறங்கும் ஜெட்டைப் பற்றித்தான். மேலே போகப் போகக் காற்று இளைக்கும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் இறங்கும். பிளக் கரி பிடித்து வண்டி இருமும். சின்ன ஜெட் மாற்று என்பார் ஒருவர். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் போ என்பார் இன்னொருவர். பின்னவர் சொன்னதைக் கேட்டவர்கள் பிஸ்டனுக்கும் சிலிண்டர் போருக்கும் என்னிடமே திரும்பி வந்தார்கள். எனக்கு வியாபாரம்!

பெட்ரோல் கணக்கு வேறு. மணாலியைக் கடந்து, தாண்டி என்ற ஊரில் உள்ள பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று பலகையே இருந்தது. புல்லட் டேங்கில் 14 லிட்டர் சொச்சம் பிடிக்கும். ஏற்றத்தில் முப்பது கொடுத்தால் அதிர்ஷ்டம். ஆகவே ஐந்து லிட்டர் கேன் கட்டாயம்.

திருப்பதிப் பையன்களிடம் ஒரு மிதப்பு உண்டு: "திருமலை காட் ரோட்ல வளைஞ்சு வளைஞ்சு ஓட்டினவங்களுக்கு லடாக் என்னண்ணா?" நான் ஒப்பவே மாட்டேன். 1944இல் முதல் மலைப்பாதை வரும்வரை அந்த மலைக்குக் காலால் ஏறினார்கள், முடியாதவர்கள் டோலியில் போனார்கள். 1974இல் இரண்டாம் பாதை வந்தபின் ஏற ஒன்று, இறங்க ஒன்று. எதிரில் வண்டியே வராத பாதையில் பழகியவன், வளைவு திரும்பியதும் ராணுவ லாரி வரிசையைப் பார்த்தால் என்ன செய்வான்? தவிர, திருமலை மூவாயிரம் அடிகூட இல்லை. நம் பக்கத்து உயரமான ஹார்ஸ்லி ஹில்ஸே நாலாயிரத்துச் சொச்சம்தான். லடாக்கின் கார்துங் லா கணவாயோ 17,582 அடி. அந்த உயரத்துக்கு நெஞ்சைப் பழக்க இந்தப் பக்கம் மலையே கிடையாது. லேயில் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடப்பது ஒன்றே வழி. அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

கிளம்பும்முன் திருமலை அடிவாரத்து அலிபிரியில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றிப் பூஜை போடுவார்கள். முழுத் தூரமும் ஓட்ட லீவு இல்லாதவர்கள் டேங்கை வடித்து, சாக்கு சுற்றி, வண்டியை ரயிலில் பார்சல் போடுவார்கள். கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு பக்கம் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் திருப்பதி வழியாகத்தானே போகிறது! ஓட்டிக்கொண்டே போனவர்கள் இவர்களைக் கேலி செய்வார்கள். எனக்கென்னவோ பார்சல்காரர்கள்தான் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். நாக்பூர் வெயிலில் வெந்துபோய் மலையடிவாரம் சேர்வதில் என்ன பெருமை?

2009 வாக்கில் பழைய இரும்பு இன்ஜின் நின்றது, பாயிண்டும் கண்டென்சரும் கல்லாவை விட்டுப் போயின. 2020இல் எல்லா வண்டியிலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். உயரத்துக்கு ஏற்ப அதுவே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்து, மணாலி–லே வழியில் ரோதாங் கணவாயையும் தவிர்க்க முடிந்தது.

மறு ஆண்டு வந்த புதிய கிளாசிக் மாடலில் கிக்கரே இல்லை. குளிரில் பேட்டரி சோர்ந்தால் தள்ளித்தான் பார்க்க வேண்டும். பதினேழாயிரம் அடியில் யாரால் தள்ள முடியும்? கடையை இப்போது என் மருமகன் பார்க்கிறான். 1985இல் திருப்பதிப் பக்கம் கரகம்பாடியில் தொடங்கிய அமர ராஜா கம்பெனியின் அமரான் பேட்டரிகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன. லடாக் என்று யார் வந்தாலும் அவன் முதலில் வோல்ட் மீட்டரைத்தான் எடுக்கிறான்.