பெருந்தொற்றுக் காலச் சீருடைப் பணியாளர் ஆணைகள்: ஜெகதாப்பட்டினம் கடற்கரையை முன்வைத்து

கொள்ளைநோய் பரவும் காலத்தில் காவல்துறை, தீயணைப்புத் துறை, கடலோரக் காவல்படை, கடற்படை முதலிய சீருடைப் பணிகளில் இருப்பவர்களின் பணியிடம், விடுப்பு, ஓய்வு, மாற்றுப்பணி, சிகிச்சை, நிவாரணம் குறித்து அடுத்தடுத்து வெளியாகும் உத்தரவுகளே பெருந்தொற்றுக் காலப் பணியாளர் ஆணைகள் எனப்படும். அலுவலக ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லலாம். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரையும் ரோந்துப் படகில் செல்பவரையும் அப்படிச் சொல்ல இயலாது. நோய் கூடக்கூட வேலையும் கூடும்; அதே வேகத்தில் வேலைக்கு வரக்கூடியவர்களின் எண்ணிக்கை குறையும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் பணியாளர் ஆணைகள் இயங்குகின்றன. 2020, 2021 ஆண்டுகளின் கொரோனா காலம் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஜெகதாப்பட்டினமும் அருகிலுள்ள கோட்டைப்பட்டினமும் இம்மாவட்டத்தின் விசைப்படகுத் தளங்கள். மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் பெற்றுப் படகுகள் கடலுக்குப் போகும். திரும்பியதும் இறங்குதளத்தில் ஏலம் நடக்கும். படகுத் தொழிலாளர், ஏலக்காரர், ஐஸ் வண்டிக்காரர், வெளியூர் வியாபாரி எல்லோரும் ஒரே நேரத்தில் நெருங்கி நிற்கும் இடம் அது. தனிமனித இடைவெளி என்ற விதியை நடைமுறைப்படுத்த இதைவிடக் கடினமான இடம் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை.

இந்தக் கரையைக் காப்பவர்கள் ஒரே துறையினர் அல்லர். சட்டம் ஒழுங்கு காவல் நிலையம் புதுக்கோட்டையிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழகக் காவல்துறையில் 1994இல் தொடங்கப்பட்ட தனிப்பிரிவு. அதன் தலைமை சென்னையில். கடலில் ரோந்து செல்லும் இந்தியக் கடலோரக் காவல்படைக்கு மண்டபத்தில் நிலையம் உண்டு; அது மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தைச் சேர்ந்தது. மூன்று தரப்பினரும் ஒரே மீனவர்களைச் சந்திக்கிறார்கள், ஒரே படகுகளைச் சோதிக்கிறார்கள். ஆனால் விடுப்பு, மாற்றுப்பணி, தனிமைப்படுத்தல் பற்றிய தகவல் அவரவர் தலைமையகம் வழியாகவே ஏறி இறங்கும். ஒரு பிரிவில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அதே இறங்குதளத்தில் நேற்று அவருடன் நின்ற அடுத்த பிரிவுக்காரருக்கு அச்செய்தி அவரது துறை வழியாக வருவதற்கு ஏற்பாடு இல்லை. சுகாதாரத் துறையின் தொடர்பறிதல்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். பணியாளர் தகவல் நோய்த்தடுப்பின் ஒரு பகுதி என்பது இதனால்தான்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. காவல் நிலையங்களுக்கு அடுத்தடுத்துப் புதுவேலைகள் வந்து சேர்ந்தன: மாவட்ட எல்லைச் சாவடிகள், இ-பாஸ் என்ற பயண அனுமதிச் சோதனை, தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளைக் கண்காணித்தல், சந்தைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல். ஆயுதப்படை, ஊர்க்காவல் படை, சிறப்புக் காவல் படை ஆகியவற்றிலிருந்து ஆட்கள் பிரித்தனுப்பப்பட்டனர். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தேர்வாகிப் பயிற்சிக்குக் காத்திருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2020 மே மாதம் முன்கூட்டியே அழைக்கப்பட்டனர். சாதாரண காலத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாத ஏற்பாடு இது. சாவடிகளில் துணைக்கு நின்ற காவல் நண்பர்கள் குழுவினரின் பணிக்கு, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த நிகழ்வுக்குப் பின் ஜூலையில் தடை வந்தது. அந்த வேலையும் காவலர்களிடமே திரும்பியது.

கடற்கரையில் கால அட்டவணை வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வழக்கம். 2020இல் மத்திய அரசு அதை 47 நாளாகக் குறைத்து மே 31உடன் முடித்தது. ஊரடங்கால் முன்பே தொழில் இழந்திருந்த மீனவர்களுக்கு அது தேவையான சலுகை. காவலருக்கோ ஊரடங்கு விதிகள் நீடிக்கும்போதே இறங்குதளக் கூட்டத்தையும் கவனிக்க வேண்டிய நிலை. இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகப் படகில் யாரேனும் வந்திறங்கினால் அது பாதுகாப்புப் பிரச்சினை மட்டுமல்ல, தொற்றுப் பிரச்சினையும்தான் என்பதால் கடலோரப் பிரிவின் ரோந்தைக் குறைக்கவும் வழியில்லை.

ஆணைகள் கீழே வந்து சேரும் விதத்தைக் கவனித்தால் சிறிய நிலையத்தின் நெருக்கடி புரியும். யார் பாரா (நிலையக் காவல்), யார் சாவடி, யார் நீதிமன்றம், யார் இரவு ரோந்து என்று அன்றாடப் பணிப்பட்டியலை எழுதுபவர் நிலைய எழுத்தர். கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து தகவல் முதலில் வயர்லெஸ் மைக்கிலோ தொலைபேசியிலோ வரும். எழுத்து வடிவ உத்தரவு பிறகு வரும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடன் ஒரே வண்டியில் போனவர், ஒரே அறையில் ஓய்வெடுத்தவர் என எல்லோரையும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். நகரத்தில் பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் வாங்கலாம். கடற்கரைச் சிற்றூரிலோ பக்கத்து நிலையமும் அதே ஆள் பற்றாக்குறையில் இருக்கும். அதிகாரி தனிமைப்படுத்தப்பட்டால் அடுத்த நிலைய அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பு கொடுப்பதே வழக்கமான தீர்வு. தமிழகத்தில் பல நிலையங்கள் கிருமிநாசினி தெளிப்பதற்காக மூடப்பட்டு, வெளியே பந்தல் போட்டு மனு வாங்கிய நாட்களும் உண்டு.

வயதும் உடல்நிலையும் பணிப் பங்கீட்டில் கணக்கில் வந்தது இந்தக் காலத்தின் முக்கிய மாற்றம். மும்பையில் 55 வயதைக் கடந்த காவலர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதே வேளையில், தமிழக அரசு 2020 மே 7 அன்று அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்த்தியது. அனுபவம் உள்ளவர்கள் தொடர்ந்தது நிர்வாகத்துக்கு உதவியது; ஆனால் தொற்றில் அதிக ஆபத்துள்ள வயதினர் சீருடையில் கூடுதல் காலம் இருக்க நேர்ந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அகவிலைப்படி உயர்வும், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதியும் 2020 ஏப்ரலில் நிறுத்தி வைக்கப்பட்டன. விடுப்பும் எடுக்க முடியாமல், விடுப்புக்குரிய பணமும் கிடைக்காமல் காவலர்கள் பணியாற்றினார்கள்.

சென்னை மாம்பலம் காவல் ஆய்வாளர் பாலமுரளி 2020 ஜூன் 17 அன்று இறந்தார்; தமிழகக் காவல்துறையில் கொரோனாவுக்கு முதல் உயிரிழப்பு அதுவே. முன்களப் பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் என்ற அறிவிப்பு அதற்கு முன்பே, ஏப்ரலில், வெளியாகியிருந்தது. இத்தகைய நிவாரணம் குடும்பத்தைச் சென்றடைய, இறந்தவர் எந்த நாளில் எந்த இடத்தில் எந்தப் பணியில் இருந்தார் என்பதற்கு ஆவணம் வேண்டும். நிலையப் பொது நாட்குறிப்பு, மாவட்ட ஆணை, பணிப்பதிவேடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வாய்மொழியாக மாற்றுப்பணிக்கு அனுப்பப்பட்டு, உத்தரவு பின்னர் பதிவாகாமல் போனால், பாதிக்கப்படுவது காவலரின் மனைவியும் பிள்ளைகளும்தான்.

2021 பிப்ரவரி 2 முதல் காவலர் உள்ளிட்ட முன்களப் பணியாளருக்குத் தடுப்பூசி தொடங்கியது. இரண்டாம் அலையின்போது, 2021 ஜூனில், இரண்டாம் நிலைக் காவலர் முதல் ஆய்வாளர் வரை 1,17,184 பேருக்குத் தலா 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு 58.59 கோடி ரூபாய். அதே அலையில் மருத்துவர் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்திய முப்படைகளின் மருத்துவச் சேவைப் பிரிவு, குறுகியகாலப் பணி மருத்துவர்களின் பணிக்காலத்தை 2021 டிசம்பர் 31 வரை நீட்டித்தது; 238 மருத்துவர்கள் இதனால் கூடுதலாகக் கிடைத்தார்கள்.

பாக் நீரிணையின் மறுகரையிலும் பாடம் உண்டு. 2020 ஏப்ரலில் இலங்கைக் கடற்படையின் வெலிசறை முகாமில் தொற்று நூற்றுக்கணக்கானோருக்குப் பரவியது. அதையடுத்து முப்படையினரின் விடுப்பு ரத்தாகி, விடுப்பில் சென்றோர் முகாமுக்குத் திரும்ப அழைக்கப்பட்டனர். மும்பையில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஆங்ரே தளத்திலும் அதே மாதம் 21 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் படையினரை நோய் எவ்வளவு விரைவாக எட்டும் என்பதை இரு நிகழ்வுகளும் காட்டின. அமெரிக்காவில் 1889 முதல் சட்டபூர்வமாக இயங்கும் பொதுச் சுகாதாரப் படைப்பிரிவு, ஆயுதம் ஏந்தாத சுகாதார அதிகாரிகளைக் கொண்ட சீருடைப் பணி. 2020 மார்ச்சில் இயற்றப்பட்ட கொரோனா நிவாரணச் சட்டத்தால் அதற்கெனத் தனி ஆயத்தப் படை உருவாக்கப்பட்டது. நெருக்கடி வந்தபின் ஆள் தேடாமல், முன்பே பெயர் பதிந்து பயிற்றுவித்து வைக்கும் முறை அது. இந்தியக் கடலோர மாவட்டங்களுக்கும் இது பொருந்தும்.

காவலர்களுக்கு வார விடுமுறை வழங்க 2021 ஜூலையில் தமிழகக் காவல்துறைத் தலைவர் உத்தரவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் அரசாணையும் வந்தது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதால், ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்பினால்தான் இந்த ஆணை முழுமையாக நிறைவேறும்.