முரசு மேல் ஆடியவர்கள்

போன வாரம் பேரன் ஒரு பழைய ஹாலிவுட் படம் போட்டுக் காட்டினான். 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 1933. நடனம் அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. கேமராவை உச்சியில் வைத்து, ஆடும் பெண்களைப் பூக்கோலம் போல விரியவும் சுருங்கவும் வைத்திருக்கிறார். "தாத்தா, நம்ம ஊர்ல இப்படி வந்திருக்கா?" என்றான்.

வந்திருக்கிறதே! எஸ்.எஸ்.வாசன் ஜெமினியில் எடுத்த 'சந்திரலேகா'. படம் வந்ததும் நான் பிறந்ததும் ஒரே வருஷம், 1948. ஆனால் நான் அதைப் பார்த்தது பதினோரு வயதில், ஆம்பூரில் ஒரு டூரிங் டாக்கீஸில், தரை டிக்கெட்டில். அப்பா டேனரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் ஆவாரம்பட்டை வாசனை.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை எந்த நாட்டில், எந்தக் காலத்தில் நடக்கிறது என்று சொல்ல முடியாது. சர்க்கஸ் காட்சிகள் நீண்டுகொண்டே போகும். நாயகன் எம்.கே.ராதாவைவிட வில்லன் ரஞ்சன்தான் மனதில் நிற்கிறார்.

ஆனால் அந்த முரசு நடனம்! பெர்க்லியின் படத்தில் ஆட்டம் தொடங்கினால் கதை நின்று காத்திருக்கும். இங்கே ஆட்டமே கதை. சசாங்கனை மணக்கச் சம்மதிப்பது போல் நடித்து, சந்திரலேகா கேட்பது ஒரு முரசு நடனம். வரிசை வரிசையாகப் பெரிய முரசுகள், மேலே பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள். அதற்குமேல் கத்திச் சண்டை. டி.ஆர்.ராஜகுமாரியின் முகத்தில் அந்தத் தந்திரம் கொஞ்சமும் தெரியாது.

"இப்படிக் குதிச்சா தோல் கிழியாதாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். "அவ்ளோ பெரிய தோல் எந்த மாட்டுக்குடா இருக்கு? மேல பலகை அடிச்சிருப்பான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஒன்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "அத்தனை பொண்ணுங்க ஆடினாங்களே, அவங்க பேரெல்லாம் போட்டானா?"

எழுத்து ஓடியபோது நான் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். "எல்லார் பேரும் போட்டாங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். "நல்லவன்" என்றார் வாசனை.

வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். எழுத்து ஓடும் பகுதியை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 100 ஜெமினி பையன்கள், 500 ஜெமினி பெண்கள் என்று மொத்தமாக ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதுவே பெரிய மரியாதை என்றுதான் நினைக்கிறேன். பெர்க்லியின் பெண்களுக்கும் பெரும்பாலும் வரிசையில் ஓர் இடம்தான் கிடைத்தது. ஒரே அச்சில் வார்த்தது போல் எல்லோரும் ஆடினால்தான் கோலம் வரும். அழகும் அதுதான், குறையும் அதுதான்.

அப்பா ஆயுசு முழுக்கத் தொட்டியில் தோல் புரட்டினார். அந்தத் தோல் கப்பலேறிப் போய் யார் யார் காலிலோ செருப்பாக நடந்திருக்கும். எந்தச் செருப்பிலும் அவர் பெயர் இல்லை. நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்காமலே போய்விட்டார்.

பேரனுக்கு நேற்று சந்திரலேகா போட்டேன். அவன் ராஜகுமாரியைப் பார்த்தான். நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக ஆடிய ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அரை அடி தாமதமாகக் கை தூக்குகிறாள்.