அக்டோபர் 21: எங்க பக்கத்துக்கும் சொந்தமான ஒரு நாள்

ஐப்பசி பிறந்துட்டா எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. மக்காச்சோளக் காட்டுல களை, மேலுரம், நடுவுல மழைன்னு ஓடிக்கிட்டே இருப்போம். அந்த நாட்கள்லதான், அக்டோபர் 21 காலையில, மாவட்ட ஆயுதப்படை மைதானத்துல குண்டுகள் முழங்க அஞ்சலி நடக்கும். காவலர் வீரவணக்க நாள். நகரத்துல இருக்கிற உங்களுக்கு அது மறுநாள் பேப்பர்ல வர்ற ஒரு சின்னப் படம். அந்த நாள் எப்படி வந்ததுன்னு கொஞ்சம் சொல்றேன்.

1959-ல் திபெத்தை ஒட்டிய எல்லையைக் காத்தது ராணுவம் அல்ல, போலீஸ். லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்திலிருந்து அக்டோபர் 20 அன்று ரோந்து போன ஒரு குழு திரும்பி வரவில்லை. மறுநாள் கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் அவர்களைத் தேடிப் போனார்கள். மலைமேல் இருந்த சீனப் படை சுட்டதில் 10 பேர் இறந்தார்கள், சிலர் பிடிபட்டார்கள். இறந்தவர்களின் உடல்களைச் சீனா நவம்பர் 13 அன்றுதான் ஒப்படைத்தது. அதாவது மூன்று வாரத்துக்கும் மேலே. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே முழு மரியாதையோடு தகனம் செய்தார்கள். 1960 ஜனவரியில் கூடிய போலீஸ் ஐ.ஜி.க்கள் மாநாடு, ஆண்டுதோறும் அக்டோபர் 21-ஐ நினைவு நாளாக அனுசரிக்க முடிவு செய்தது.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து நிற்பது, பியூகிளில் 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுவது, மலர் வளையம் வைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் படையிலிருந்து வந்த வழக்கம். ஆனா இந்த நாளுக்கே உரிய சடங்கு ஒண்ணு இருக்கு. முந்தைய ஓராண்டில் பணியில் உயிர்விட்ட காவலர்கள், துணை ராணுவப் படையினர் பெயர்களை நாடு முழுக்க வாசிப்பார்கள்.

எங்க ஊர்களில் காக்கி உடுப்பு, பச்சை உடுப்பு என்ற பேதம் கிடையாது. எல்லை போனவர் எல்லாரும் 'மிலிட்டரிக்காரர்'தான். ஆனா சி.ஆர்.பி.எஃப். ராணுவத்தில் சேராது, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படை. 1959-ல் லடாக்கில் நின்றதும் அந்தப் படைதான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிகுண்டு நிரப்பிய கார் மோதியதில் இறந்த 40 பேரும் அந்தப் படையினர். அதில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரன். தமிழ்நாட்டிலிருந்து இறந்த இன்னொருவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், சுப்பிரமணியன். அந்த ஆண்டு அக்டோபர் 21 பட்டியலில் புல்வாமா வீரர்களும் சேர்ந்தார்கள். லடாக் மலையில் தொடங்கிய நாள் இப்படித்தான் எங்க மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு சங்கடம் என்னன்னா, அடுத்த வருஷம் வேற பட்டியல். போன வருஷப் பெயர்களை வாசிக்க மாட்டாங்க. இந்தச் சங்கடத்துக்கு நம்ம முன்னோர் ஒரு வழி வச்சிருந்தாங்க. அதுதான் நடுகல். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊர் கல் நட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. அதில் ஒன்று ஆநிரைச் சண்டையில் இறந்தவனின் பெயரை இன்னைக்கும் சொல்லுது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. அரசன் ஆணை வேண்டியதில்லை. மாடு வச்சிருக்கிற ஊரே செய்தது. எங்களை மாதிரி ஆட்கள்தான்.

அரசாங்கம் கொடுக்கிற நாள் நாட்டுக்குப் பொது. அன்றைக்குச் சல்யூட் அடிக்க ஆள் இருப்பாங்க. ஆனா ஒரு பெயரை நாற்பது, ஐம்பது வருஷம் கழிச்சும் யார் சொல்லுவாங்க? அந்த ஊர்தான் சொல்லணும். பள்ளிக்கூடச் சுவரோ, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலோ, ஒரு கல்லும் ரெண்டு வரியும் போதும்.

பல வருஷம் அக்டோபர் 21 தீபாவளியை ஒட்டியே வரும். ஊருக்கு வர்றப்போ உங்க ஊர்ல இருந்து உடுப்புப் போட்டுப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டான்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. பெயரையும் வருஷத்தையும் எழுதி வச்சுக்கோங்க. கல் அப்புறம் நடலாம்.